அப்பா தேர்ந்தெடுத்த பெஞ்சுகள்

புதிதாக ஒரு பெஞ்சைக் கண்டால், உட்காருவதற்கு முன்னால் அதன் உயரத்தைப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. பஸ் ஸ்டாண்டோ, பூங்காவோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, எங்கே போனாலும் கண் முதலில் அங்கேதான் போகும். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கடைவீதிக்குப் பெஞ்சு தேர்ந்தெடுக்கிற வேலை எங்கள் வீட்டுக்குள் நுழைந்து என்ன பாடு படுத்திவிட்டுப் போனது என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

அப்பா ஓவர்சியர். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு இதெல்லாம் அவர் ஆபீசின் பொறுப்பு. திருச்சியில் வரகனேரிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். அக்காவுக்குக் கல்யாணமாகி, கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அத்தானோடு இருந்தாள். அத்தான் அங்கே புதிதாக வந்திருந்த தொழிற்சாலையில் பிட்டர். நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வருமா வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்காக ரேஷன் கடையில் நின்ற வருஷங்கள் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குப் புரியும்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து மலைக்கோட்டைப் பக்கம் போகும் கடைவீதியில் அப்போது நடந்து போவதே ஒரு சாமர்த்தியம். கடைக்காரர்கள் சாமான்களைப் பாதி ரோடு வரைக்கும் பரப்பியிருப்பார்கள். மீதிப் பாதியில் மாட்டு வண்டி, கைவண்டி, ஜட்கா, லாரி. நடக்கிறவன் சாக்கடை ஓரத்துக் கல்லில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாகப் போக வேண்டும். ஒரு நாள் காலையில் வெங்காய லாரி ஒன்று பின்னால் வந்தபோது, பூ விற்கிற அம்மா ஒருத்தி சுவருக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். டிரைவர் இறங்கிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் மேலே இருந்தவர்களுக்கு, ஊரில் நடக்கிறவன் என்று ஒருவன் இருப்பது ஞாபகம் வந்தது. கடைவீதியில் நல்ல பிளாட்பாரம் போடு, நடக்கிறவர்களுக்கு வேண்டியதைச் செய் என்று உத்தரவு வந்தது. என்ன என்ன வேண்டும், எதை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுக்கிற வேலையை அப்பாவிடம் கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு அது வேலையாகத் தெரியவில்லை, வரமாகத் தெரிந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் நடந்தவர். சைக்கிள்கூட ஏறமாட்டார். “நடக்கறவனுக்கு இந்த ஊர்ல எடமே இல்ல. பொறந்ததே தப்புங்கற மாதிரி ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போறான்” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனால், கோயிலுக்குள் போவதற்கு முன்னால் சித்திரை வீதியின் நடுவில் நிறுத்தி, “பாருங்க, தேர் ஓடற வீதி. தேர் இல்லாத நாள்ல மனுஷன் ஓடலாம்” என்று பெருமையாகச் சொல்லுவார். ஏதோ அவரே போட்ட வீதி மாதிரி இருக்கும் அந்தப் பெருமை.

கடைவீதியை அளக்க அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. டேப் பிடிக்க ஆள் இருந்தும், முதலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடைகளை ஒட்டி மெதுவாக நடப்பார். குடை எதில் இடிக்கிறதோ அங்கே நின்று சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார், அதை எடுத்துவிட வேண்டும் என்பதற்கு அடையாளமாக. ஒரு மனுஷன் விரித்த குடையோடு இடிக்காமல் போக முடிந்தால் அது தெரு, இல்லாவிட்டால் அது சந்து என்பது அவர் கணக்கு. கடைப் பலகை, தண்ணீர்த் தொட்டி, மடக்குக் கதவு, சைக்கிள் நிறுத்துகிற கம்பி எல்லாவற்றுக்கும் பெருக்கல் விழுந்தது. கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். எனக்கும் அவர் கூட நடக்க வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டில் சும்மா இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எடுக்க வேண்டியது முடிந்ததும் வைக்க வேண்டியது. பிளாட்பாரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் இடுப்பளவு இரும்புக் கிராதி, லாரி ஏறாமலிருக்க. சந்து முனைகளில் குட்டையான கல் தூண்கள், கைவண்டி நுழையாமலிருக்க. விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி. அப்புறம் பெஞ்சு. இந்தப் பெஞ்சு விஷயத்தில்தான் அப்பா ரொம்ப மெனக்கெட்டார். சாய்மானம் வைத்தால் ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள் என்று ஆபீசில் வேண்டாம் என்றுவிட்டார்கள். “தூங்கட்டுமே, ரோட்டுல படுக்கறதுக்கு அது தேவலை இல்லியா” என்று வீட்டில் வந்து எங்களிடம் சண்டை போட்டார். சாய்மானம் போனது போனதுதான். உயரத்தையாவது சரியாக வைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கை நிறைய வளையலோடு, அசைந்தால் வீடு முழுக்கக் கேட்கும். அப்பா கூடத்தில் மரப்பெட்டி ஒன்றைப் போட்டு, அதன்மேல் பலகை பலகையாக அடுக்கி அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொன்னார். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தோளைப் பிடிக்காமல் எழுந்திரு என்றார்.

“அப்பா, நான் என்ன சர்க்கஸா காட்டறேன்?”

“வயித்துப் புள்ளைக்காரி கைத்தாங்கல் இல்லாம எந்திரிச்சா, எவனும் எந்திரிச்சிருவான். இன்னும் ஒரு பலகை போடட்டா?”

“போடுங்க. போட்டா சுலபம்.”

இன்னொரு பலகை போட்டார். அக்கா கையை வீசிக்கொண்டு எழுந்து நின்று, “இதுதான், இதுதான்” என்று சிரித்தாள். அப்பா அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அம்மா அடுக்களையிலிருந்து, “புள்ளத்தாச்சிய ஏத்தி இறக்கி வெளையாடறாங்க பாரு, அப்பனும் மகளும்” என்று திட்டினாள். திட்டுகிற குரலில் சந்தோஷம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு குரலை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மார்க்கெட்டை ஒட்டி, கடைவீதி தொடங்குகிற இடத்தில், ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். ஒரு ஆளின் தோள் உயரம். தலையில் மூட்டையோ கூடையோ சுமந்து வருகிறவன் அதன் முன்னால் நின்று, குனியாமல், யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அப்படியே கல்லின்மேல் நகர்த்திவிடலாம். மூச்சு வாங்கியதும் மறுபடி தலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் நாளெல்லாம் அதை உபயோகப்படுத்தினார்கள். கல்லின் பக்கவாட்டில் ஏதோ எழுத்து இருந்து தேய்ந்துபோயிருந்தது. அப்பாவின் குடை அதில் இடித்தது. பெருக்கல் போட்டார்.

மூட்டை தூக்குகிறவர்கள் வந்து கேட்டார்கள். “அய்யா, இத எடுத்துட்டா நாங்க எங்க இறக்கறது?” அப்பா கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார். அவர்கள் இனிமேல் பிளாட்பாரத்தில் ஏறவே வேண்டாம், ரோட்டிலேயே வண்டிகளோடு போகலாம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்றார். அவர் மனதில் நடக்கிறவன் என்றால் ஒரு கையில் குடையும் மறு கையில் துணிப்பையும் வைத்திருக்கிறவன். தலையில் மூட்டை ஏறிவிட்டால் அவன் வண்டிக் கணக்கில் சேர்ந்துவிடுவான். இதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கல்லைப் பிடுங்கி, மேல் பலகையைப் பக்கத்துச் சாக்கடைக்கு மூடியாகப் போட்டார்கள்.

அம்மாவுக்கு அன்று சாயங்காலம் அது தெரிந்தது. அம்மா லால்குடிப் பக்கம் கிராமத்தில் பிறந்தவள். நடவும் அறுப்பும் பார்த்தவள். முகம் சுண்டிப்போயிற்று.

“ஏங்க, அது யாரு வீட்டுப் பொண்ணோ. வயித்துல புள்ளையோட செத்தவளுக்கு வைக்கற கல்லுங்க அது. அதப் போயி எடுப்பாங்களா? எடுத்து சாக்கடைக்கு மேல போடுவாங்களா?”

“எழுத்தே அழிஞ்சு போச்சு. யாருன்னு யாருக்கும் தெரியல. இருக்கறவங்க நடக்க வேணாமா?”

“வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. இப்ப போயி இத நீங்கதான் செய்யணுமா?”

அக்கா குறுக்கே விழுந்து, “அம்மா, சும்மா இரு. கல்லை எடுத்தா எனக்கு என்ன ஆகப்போவுது?” என்றாள். அம்மா அவள் வாயைக் கையால் பொத்தினாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

அக்கா இறந்தது அதற்கு அடுத்த மாதம். காலையில் தலைவலி என்றாள். கால் வீங்கியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு வீங்குவதுதான் என்று நினைத்தோம். பதினோரு மணி வெயிலில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கண் மங்குகிறது என்று சொல்லிப் படுத்தாள். படுத்தவளுக்கு இழுப்பு வந்தது. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. டாக்டர் இருந்தார், நர்சுகள் ஓடி வந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள். யாராவது ஒருவரைக் குற்றம் சொல்ல முடியுமா என்று நான் பல வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. பிரசவ ஜன்னி என்றார்கள். குழந்தையும் வயிற்றிலேயே போய்விட்டது. சாயங்காலம் அத்தான் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தபோது, வளையல்களைக் கழற்றுவதா வேண்டாமா என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுடுகாட்டுக்கு ஆண்கள் போனார்கள். அப்படிச் செத்தவளைத் தாயும் பிள்ளையுமாகப் பிரிக்காமல் எரிக்கக் கூடாது என்று எங்கள் ஜனங்களிடம் ஒரு முறை உண்டு. அங்கே என்ன செய்தார்கள், யார் செய்தார்கள் என்று அப்பா சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை.

கருமாதி முடிகிற வரைக்கும் அம்மா பேசவேயில்லை. முடிந்த அன்று, உறவுக்காரர்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தின் நடுவில் வந்து நின்று சொன்னாள்.

“எம் பொண்ணுக்குக் கல்லு வைக்கணும்.”

எல்லோருக்கும் புரிந்தது. சுமையோடு போனவள் போகிற வழியெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டேதான் நடப்பாள் என்பது அம்மா பிறந்த ஊரின் நம்பிக்கை. இங்கே ஒரு ஆள் தன் சுமையை அவள் பேரில் வைத்த கல்லில் இறக்கினால், அங்கே அவளுக்கும் ஒரு மூச்சு நேரம் சுமை இறங்கும். எத்தனை பேர் இறக்குகிறார்களோ அத்தனை மூச்சு. கல் நட்ட அன்றைக்கு, முதலாவது சுமையை இறந்தவளைப் பெற்ற தாய்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும். அதில் வேறு ஒருவர் கை படக்கூடாது. இறக்கிவிடத் துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்காகத்தானே அந்தக் கல்லே.

அம்மாவின் அண்ணன், என் மாமா, உடனே ஒத்துக்கொண்டார். “நம்ம ஊர்ல வாய்க்கா ரோட்டு மேல வச்சிருவோம் தங்கச்சி. நான் பார்த்துக்கறேன்.”

“அங்க எவன் சுமக்கறான்? நெல்லு மூட்டை வண்டியில போவுது. காய்கறி பஸ்ஸு மேல போவுது. உங்க கல்லு மேல காக்காதான் வந்து உக்காரும். எம் பொண்ணு எத்தன காலம் காத்துக்கிட்டு நிப்பா? மார்க்கெட்டுல வைங்க. அங்கதான் நாளெல்லாம் சுமக்கறாங்க.”

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். எந்த இடத்தைச் சொல்கிறாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தார். அத்தான் தன் வீட்டுக்காரர்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். “எங்க வச்சாலும் எனக்குச் சம்மதம்ங்க” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் அம்மா அதற்குள்ளேயே பக்கத்தில் இருந்தவளிடம், துறையூர்ப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பந்தியில் பாயசம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தையே வாசலுக்கு வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா அன்றிலிருந்து அரிசிச் சோறு தொடுவதை நிறுத்தினாள். கேழ்வரகுக் கூழை ஒரு வேளை குடித்தாள். அப்பாவிடம் தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். “கேட்டீங்களா?” அவர் தலையை ஆட்டுவார். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே புரியாது. கல்லை எடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பார், வீடு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அப்பா கேட்டார். எனக்கு அது தெரியும், ஏனென்றால் வந்து என்னிடம் மட்டும் சொன்னார். மேலதிகாரி எழுந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தாராம். “உங்க துக்கம் எங்க துக்கம். ஆனா தோள் உயரத்துல ஒரு கல்லு நடக்கறவங்களுக்கு இடைஞ்சல்னு சொல்லி எடுத்தது நீங்க. அதே எடத்துல அதே மாதிரி உங்க பொண்ணு பேர்ல நீங்களே வச்சா ஊர் சிரிக்கும். எல்லாரும் பெஞ்சுக்கு உபயம் எழுதறாங்க. நீங்களும் ஒரு பெஞ்சு வைங்க. நல்ல எடமாவே பார்த்து வைங்க” என்றாராம். அந்த ஆளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு? கடைவீதி வியாபாரிகள் செத்துப்போன அப்பா பேரிலும் அம்மா பேரிலும் பெஞ்சு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதற்கு அப்புறம் அப்பா மும்முரமாகிவிட்டார். மற்ற பெஞ்செல்லாம் சிமெண்டு. இது மட்டும் கருங்கல். கல் உடைக்கிற இடத்துக்கு அவரே பஸ் ஏறிப் போனார். பிசிறு இல்லாத ஒரே கல்லாகப் பார்த்து, முனையெல்லாம் மழுங்க இழைக்கச் சொன்னார். எழுத்து வெட்டச் சொன்னார். டிராயிங்கை வீட்டில் விரித்தபோது நான் பார்த்தேன். பார்த்ததும் பதறிப்போனேன்.

“அப்பா, இது உக்கார்ற உயரம். அம்மா கேட்டது வேற.”

“சுமைய இது மேல வச்சா நிக்காதா?”

“தலையில மூட்டையோட இவ்வளவு கீழ எப்படிப்பா குனிவாங்க? கழுத்து போயிடும். இன்னொரு ஆளு புடிச்சு இறக்கணும். இறக்கிவிட ஆளு இருந்தா அவன் தரையிலயே இறக்கிருவானே!”

“கத்தாத.”

“அம்மாகிட்டயாவது சொல்லுங்க.”

அப்பா டிராயிங்கைச் சுருட்டினார்.

“இந்த உசரம் யாரு சொன்ன உசரம்னு தெரியுமா உனக்கு? அவ உக்காந்து பார்த்து, இதுதான் இதுதான்னு சொன்னா. உனக்கு ஞாபகம் இல்ல? தோள் உசரத்துல வச்சா நாள் பூரா ஒருத்தன் மாத்தி ஒருத்தன் இடிச்சுக்குவான். இடிச்சுக்கிட்டு எவ கல்லுடா இதுன்னு வைவான். நான் அந்தத் தெருவுல நின்னு அதக் கேக்கணுமா? எம் பொண்ணு யாருக்கும் இடைஞ்சலா நிக்கக்கூடாது.”

அந்தப் பழைய கல்லை எத்தனை பேர் அப்படி வைதிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், அவர்தான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நடந்தவர். எழுத்து அழிந்துபோன அந்தக் கல்லுக்காரிக்காக அவர் பட்டிராத வருத்தத்தையெல்லாம் இப்போது மொத்தமாகப் பட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் நான் சொன்னேன். பெஞ்சு மாதிரி இருக்கிறது அம்மா, உயரம் கம்மி என்றேன். அம்மா, “கல்லுதானே?” என்றாள். கல்தான். “பழைய எடந்தானே?” அதே இடம்தான். “அவ பேரு வெட்டியிருக்கில்ல?” வெட்டியிருக்கிறது. “அப்புறம் என்ன? உங்கப்பாவுக்குத் தெரியும்டி. எத்தன கட்டடம் கட்டுனவரு” என்று சொல்லிவிட்டு, கூழைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். அந்த நம்பிக்கையை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் வேலையைக் கேலி செய்துகொண்டிருந்தவள். மகளுக்குக் கல் கிடைக்கப்போகிறது என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் காதில் வாங்கும் நிலையில் அவள் இல்லை.

கல் வைத்த நாளன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். மாமா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நெல்லைப் பெரிய கூடையில் கொட்டி, மேலே ஒரு புதுத் துணியை மூடினாள். நெல்லைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலம். பாதி கூடை போதும் என்று மாமா சொன்னார். அம்மா கேட்கவில்லை. நெறமாசமா இருந்தா எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவு இருக்கணும் என்றாள். சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். மாமாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூடையை ஏற்றிவிட்டோம். ஏற்றிவிடத்தான் ஆள் வைத்துக்கொள்ளலாம், இறக்கத்தான் கூடாது. அவளுக்குத் தலைச்சுமை பழகிப் பல வருஷம் ஆகியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. நடந்தாள்.

அப்பா முன்னாடியே போய்விட்டிருந்தார். கடைவீதியில் புதுக் கிராதிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. கிராதிக்கும் கடைகளுக்கும் நடுவில் ஜனங்கள் வரிசையாக, நிம்மதியாக நடந்து போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் கூடை அகலம். பிளாட்பாரத்தில் எதிரே வருகிறவர்கள் மேல் இடித்தது. அதனால் அவள் ரோட்டில் இறங்கி, மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பின்னால், மாட்டு வண்டிகளுக்கு ஓரமாக நடந்தாள். சந்து முனையில் குட்டைக் கல்தூண்களுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பி நுழைந்து அந்த இடத்துக்கு வந்தோம்.

பெஞ்சு பளபளவென்று இருந்தது. அப்பா ஒரு ஓரத்தில் சூடம் ஏற்றி, பூ வைத்திருந்தார். மறு ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார்கள். வயதான ஒருவர், “வாங்கம்மா, உக்காருங்க. கூடைய நான் வாங்கிக்கறேன்” என்று கையை நீட்டினார்.

“வேணாம் தம்பி” என்றாள் அம்மா. தன்னைவிடப் பெரியவரைத் தம்பி என்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்திக் கல்லைப் பார்த்தாள்.

“ஏங்க, இதுவா?”

“இதுதான்” என்றார் அப்பா.

அம்மா பெஞ்சின் முன்னால் போய் நின்றாள். தலையை அசைக்க முடியாது. மெதுவாக முழங்காலை மடக்கிப் பார்த்தாள். கூடை முன்னால் சரிந்தது. நெல் கொஞ்சம் கல்லின்மேலும் தரையிலும் கொட்டியது. சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“தொடாதீங்க” என்றாள்.

அவர் நீட்டிய கையோடு நின்றார். “நான் சும்மா தாங்கிக்கிறேன். கல்லு மேல நீயே வை” என்றார். அம்மா பின்னால் நகர்ந்தாள். எங்கள் பக்கத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. யாரோ, “உக்கார்ற பெஞ்சும்மா அது, கூடைய கீழ வச்சிட்டு உக்காருங்க” என்று உபகாரமாகச் சொன்னார்கள். அம்மா ஒரு தடவை கூட அழவில்லை. திரும்பி, கல்தூண்களுக்கு நடுவே நுழைந்து, மறுபடி ரோட்டில் இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

நான் அவள் பின்னால் ஓடினேன். அப்பா பிளாட்பாரத்தில் கூடவே வந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் பச்சைக் கிராதி. “நில்லு, நில்லு. மாத்தி வச்சிரலாம். நான் சொல்லி மாத்திடறேன்” என்று அதன் மேலாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மாற்ற முடியாது என்று அவருக்கே தெரியும். லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அம்மா ஓரம் ஒதுங்கவில்லை. கிராதி முடிகிற இடம் வருவதற்குள் அப்பா பின்தங்கிவிட்டார். அவருக்கு வயசாகிவிட்டது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

வரகனேரி வரைக்கும் அப்படியே நடந்தாள். வீட்டுக்குள் வந்து கூடத்தில் நின்றாள். இனிமேல் ஒரு அடி வைத்தால் விழுந்துவிடுவாள் என்று தெரிந்தது. நான் கிட்டே போகப் பயந்துகொண்டு நின்றேன்.

“இறக்குடி” என்றாள்.

இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துத் தரையில் இறக்கினேன். அவள் சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மூச்சு வாங்க வந்து வாசல்படியில் நின்றார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இறக்கிவிட நீ இருக்க” என்றாள். “அவளுக்கு அங்க யாருடி இருக்கா?”